பிரெஞ்சுக் கிராமத்தில் ஒற்றைச் செருப்பு

வேலைக்காகச் சில மாதங்கள் பிரான்சில் இருந்தபோது, காட்டுப்பாக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் வந்து சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை, தெற்கே மலைமேல் இருக்கும் பழங்காலக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கல் வீடு, கல் தெரு, கல் படி.

அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் வந்த புண் ஆறுவதற்குள் படாத பாடு பட்டோம். இன்னொரு முறை வந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும், வெறுங்காலில் நடக்கவே கூடாது என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்றே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு.

நான் தண்ணீர் வாங்கி வருவதற்குள் அம்மா அங்கிருந்த மாதா கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கால்!

"செருப்பு எங்கேம்மா?"

"கோயிலுக்குள்ள செருப்போடவாடி வருவாங்க? வாசல்ல ஒண்ணு, பூந்தொட்டி பின்னால ஒண்ணு வெச்சிக்கீறேன். ஜோடியா வெச்சா எவனாவது அடிச்சிக்கினு பூடுவான்."

திருவிழாக் கூட்டத்தில் நம்மூரில் செய்கிற தந்திரம். வெளியே போய்ப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால் வைத்தது அப்படியே இருந்தது. வாசலில் வைத்ததைக் காணோம்.

கார் மலையடிவாரத்தில் நின்றது. வெயிலில் கல்லெல்லாம் கொதித்தது. என் ஷூ அம்மாவுக்கு நுழையவே இல்லை.

"இந்த ஊர்ல யாரும்மா உன் பழைய செருப்பைத் திருடப்போறாங்க?" என்று கத்தினேன். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள், காலைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பயந்துபோயிருக்கிறாள் என்று புரிந்ததும் என் கோபம் போய் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மிச்சமிருந்த ஒற்றையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். ரொட்டிக்கடைப் பெண்மணி அதைப் பார்த்ததும் சிரித்து, என்னைக் கையோடு தெருமுனைக்கு இழுத்துப்போனாள். அங்கே நீரூற்றுச் சுவரின் உச்சியில், ஊருக்கே தெரியும்படி உட்கார்ந்திருந்தது அம்மாவின் செருப்பு. ஒற்றையாகக் கிடந்ததால் யாரோ தவறவிட்டார்கள் என்று நினைத்து, தேடி வருபவர் கண்ணில் படட்டுமென்று அவள்தான் எடுத்து வைத்தாளாம். அவளைக் கட்டிக்கொண்டேன். என் சட்டையெல்லாம் மாவு.

ஓடிவந்து அம்மாவின் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. துடைத்துச் செருப்பை மாட்டிவிட்டேன்.

அம்மாவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "பாத்தியாடி? ஒத்தையா வெச்சதாலதான் கெடைச்சிது."

அந்தக் குரலைக் கேட்ட நிம்மதியில், "ஆமாம்மா" என்றேன்.