படத்தில் வராத பொட்டு

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொண்டைமானாறு போயிருந்தேன். தோளில் இன்ஸ்டன்ட் கமரா. பொத்தானை அமத்தியதும் படம் வெளியே வருமே, அதுதான்.

பாரிஸ் சிநேகிதன் அனுப்பிய பிலிம் காலாவதியாகி ஏழு வருஷம். பழுதான பிலிமில் ஏன் இந்த ஆசை என்கிறீர்களா? அதில்தானே நிறங்கள் குழப்படி செய்யும்! வெளியே வந்த படத்தைச் சூட்டில் வைத்தால் மஞ்சள் தூக்கும். குளிரில் வைத்தால் சிவப்பு செத்து எல்லாம் பச்சையாகும்... எனக்கு அந்தப் பச்சையில் பைத்தியம்.

ஆனால் போன அலுவல் வேறு. என் பெரியம்மாவின் மகன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். அவருடைய மனைவியை – எனக்கு மச்சாள் – மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதிக்க வைக்கவேண்டும். அண்ணையின் பெயரிலுள்ள காணியை மகளுக்கு எழுதினால்தான் கலியாணம் ஒப்பேறும். "நீதானே பேப்பரிலை எழுதுறனி, நல்லாக் கதைப்பாய்" என்று சொந்தக்காரர் படிவத்தைத் தந்து என்னைத் தள்ளிவிட்டார்கள்.

கதைத்தேன். பிள்ளையின் வாழ்க்கை என்றேன். சட்டம் என்றேன். மச்சாள், "தேத்தண்ணி குடியும் தம்பி" என்று எழும்பிப் போனார்.

இனி எப்படிக் கதைப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி கமராதான். "மச்சாள், ஒரு படம் எடுப்பமே?" என்றேன். ஓம் என்றார். கண்ணாடி பார்த்து, குங்குமப் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

எடுத்தேன். படத்தைக் கொண்டுபோய் பிரிட்ஜுக்குள் வைத்தேன். நான் நினைத்த அதே பச்சை! பெருமையோடு நீட்டினேன்.

மச்சாள் கனநேரம் பார்த்தார். படத்திலிருந்த நெற்றியை விரலால் தடவினார்.

"பொட்டைக் காணேல்லை."

உண்மைதான். அந்தப் பச்சை முகத்தில் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை.

"சனமெல்லாம் அழிக்கச் சொல்லிச்சினம். நான் அழிக்கேல்லை. நீருமோ தம்பி அழிச்சுப்போட்டீர்?"

"ஐயோ மச்சாள், அது பிலிம் பழசு..."

நிற மாற்றம் பற்றி மணிக்கணக்கில் அளக்கிறவன் நான்! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவர் சாமியறைக்குப் போய், குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து வந்து, படத்தின் நெற்றியில் அழுத்தி வைத்தார்.

"நிக்காது மச்சாள். காய்ஞ்சால் உதிர்ந்துபோம்."

"உதிரட்டும். திரும்ப வைப்பன். இவ்வளவு காலமும் என்ரை நெத்தியிலை அதைத்தானே செய்யிறன்?"

படத்தை மேசையில் காய வைத்தார். குங்குமம் ஒட்டிய கையை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் படிவத்தைத் தாரும். பிள்ளைக்காகக் கையெழுத்து வைக்கிறன். ஆனால் பொட்டை அழிக்கச் சொல்லி ஒருத்தரும் என்ரை வீட்டுப் படலையைத் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்!"

வைத்தார். முழுப்பெயரும் எழுதி, ஒருமுறை வாசித்தும் பார்த்தார்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலிலிருந்த குங்குமம் பட்டுவிட்டது. படிவத்தில் கறை என்று பதிவுக் கந்தோரில் திருப்பி அனுப்புவார்களோ... அனுப்பட்டும்!