வெட்டாத வலை

வலைக்காரம்மா என்றால் ஏரிக்குப் புதிதாக வருபவர்கள் மீன் விலை கேட்பார்கள். அவர் பிடிப்பது பறவை. பிடித்து, காலில் எண் வளையம் மாட்டி, விட்டுவிடுவார். பறவைகளிடம் பஞ்சு, மனிதர்களிடம் முள். ஆனாலும் இயற்கைப் பாதுகாப்பு வேலைக்கு ஆசைப்பட்ட இளசுகள் அவரிடம்தான் தொழில் பழக வந்தார்கள். பலர் தேறினார்கள். ஒருவன் மட்டும் சிமென்ட் ஆலையில் சேர்ந்து, மலையைக் குடைவதால் மலைக்கு ஒன்றும் ஆகாது என்று அறிக்கை எழுதுகிறான். அவனைப் பற்றிக் கேட்டால், "கை நல்ல கை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவருக்கு ஒரே பெருமை: எந்தப் பறவைக்காகவும் வலையை வெட்டியதில்லை. எந்தச் சிக்கலையும் விரலாலேயே பிரிப்பார். கத்தரிக்கோல் கையாலாகாதவர்களுக்கு என்பது அவர் பாடம்; அவர் பெட்டியில் அது கிடையாது.

அன்று, அவரிடமே தொழில் பழகிய அவருடைய அக்கா மகளுக்கு, பறவைக்கு வளையம் மாட்டும் உரிமத் தேர்வு. தேறினால் சரணாலயத்தில் வேலை. தவறினால் திங்கள்கிழமை வங்கிப் பயிற்சி. அந்த நிபந்தனையைப் போட்ட அக்காவும் கைப்பையோடு வந்து நின்றிருந்தார்.

முதல் குருவியே வினையாக வந்தது. நாக்கில் வலை நூல் மாட்டி, வாய் பிளந்து தொங்கியது. பெண் பிரிக்கப் பிரிக்க நூல் இறுகியது. குருவியின் கண் சொருகியது. பறவை செத்தால் தேர்வு போச்சு. பயிற்சியாளர் வாய் திறந்தாலும் போச்சு என்று தேர்வு நடத்த வந்த தேர்வாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். வெட்டு என்று சொல்லத் துடித்தார் வலைக்காரம்மா. வெட்டாதே என்றே சொல்லிப் பழகிய வாய், அன்று சட்டப்படி மூடியிருந்தது.

பெண் சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தார்.

"அம்மா, உங்க பையில நகவெட்டி இருக்குமே?"

இல்லை என்று ஒரு சொல் போதும். திங்கள்கிழமை மகள் வங்கிக்குப் போய்விடுவாள். அக்காவின் விரல்கள் பையின் மேலேயே நின்றன. பிறகு ஜிப்பைத் திறந்தார்.

"நடுங்காம வெட்டுடி."

நூல் அறுந்தது. பெண்ணின் உள்ளங்கையில் மூச்சு வாங்கிக் கிடந்த குருவி, சற்றுப் பொறுத்துப் பறந்தது.

"வளையம் மாட்டலையேம்மா," என்றார் தேர்வாளர்.

"இன்னிக்கு அது பட்டது போதும் சார்."

அவர் தலையசைத்தார். "உனக்கு உரிமம் உண்டு." பிறகு வலைக்காரம்மாவிடம் திரும்பினார். "உங்க பெட்டில கத்தரிக்கோல் எங்கம்மா?"

வலைக்காரம்மா பெட்டியைத் தன் பின்னால் நகர்த்தினார்.

அக்காதான் கைப்பையை மூடினார். "நகவெட்டி இவகிட்டயே இருக்கட்டும். உனக்கு வேணும்னா கேட்டு வாங்கிக்கோ."