வால் பலகையில் நாமம்

திருவள்ளூரில் செக்கு நின்றுபோன ஒரு கொட்டகையில் என் கணவர் சொந்தமாக விமானம் கட்டினார். யுத்த காலத்தில் விமானங்களைப் பழுது பார்த்த மனிதர். கைத்திறமைக்குக் குறைவில்லை, சுத்தபத்தம்தான் கிடையாது. ஈயத்தூள் வாய்க்குள் போனால் விஷம்; வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஈயத்தை அறுக்க உட்கார்ந்தவரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுந்திருங்க. இனிமே ரம்பம் என் கையில" என்றேன். எழுந்துவிட்டார்.

பழவேற்காட்டிலிருந்து மீன்வலையில் கட்டுகிற பழைய ஈயக்குண்டுகளை வாங்கி வந்தோம். உருக்குவது வெட்டவெளியில்தான், காற்று முதுகில் படும்படி நின்று. அச்சில் பொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும். அதனால் அச்சு நன்றாகக் காயாமல் ஊற்றமாட்டேன். ஆறிய கட்டியைக் கைரம்பத்தால் நிதானமாக அறுப்பேன். பல்லில் ஈயம் அடைக்காமலிருக்க சோப்பைத் தடவிக்கொள்வேன். துகள் பறக்காதபடி கீழே ஈரத்தாள். வேலை முடிந்ததும் அப்படியே மடித்து டப்பாவுக்குள். ஈய வேலைக்கென்று ஒரு புடவை வைத்திருந்தேன், அது அடுப்படிப் பக்கம் வராது. என்னைப்போல யாரும் அறுத்திருக்க மாட்டார்கள். பெருமைதான், இருக்கட்டுமே.

இத்தனை பாடும் வாலில் மேலும் கீழும் அசைகிற ஒரு பலகைக்காக. அதன் கீலுக்கு முன்னால் நீண்டிருக்கும் தண்டில் ஈயத்தைக் கட்டி, பின்பாரத்தைச் சரிக்கட்ட வேண்டும். பின்பக்கம் கனத்துப்போனால் வேகத்தில் பலகை படபடவென்று அடித்துக்கொண்டு பிய்ந்துவிடும். ஓட்டுகிறவர் பிழைப்பது கஷ்டம். ஓட்டப்போகிறவர் என் கணவர். பெயிண்டு காய்ந்த பிறகு பலகையைக் கீலில் தொங்கவிட்டு, ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, மட்டமாக நிற்க வைத்தேன்.

பறப்பதற்கு முந்தின நாள் காலை கொட்டகைக்குப் போனால், அந்தப் பலகையின் பின்விளிம்பில் தடிதடியாக ஒரு நாமம்! என் மாமியார்தான், லாரிக்குப் பெயர் எழுதுகிறவரைக் கூட்டிவந்து போட்டிருந்தார். எங்கள் வீட்டில் புது வண்டி வந்தால் முதலில் நாமம், பிறகுதான் சக்கரம் உருளும்.

நான் சுரண்டுகத்தியை எடுத்தேன். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாடி பண்றே? பெருமாளையா சொரண்டுவே? எம்புள்ள மேல போறான்டி!"

"அதனாலதான் அத்தை சொரண்டப் போறேன்."

பலகையைக் கழற்றி அவர் கண்ணெதிரே தொங்கவிட்டேன். நாமப் பெயிண்டின் கனத்தில் பின்விளிம்பு மெல்லச் சரிந்து கீழே போய் நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால இன்னுங்கொஞ்சம் ஈயம் கட்டேன்."

"அந்தத் தண்டு இதுக்கு மேல தாங்காது அத்தை. ஒடிஞ்சா அதுவும் அவரு உசுருதான்."

கறாராகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம். அத்தைக்கும் அதே பயம்தான். இல்லாவிட்டால் அவ்வளவு தடியாகப் பூசச் சொல்லியிருப்பாரா?

அத்தை கையை நீட்டினார். "குடு இங்க. நீ தொடாத. பெருமாள்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

உதடு முணுமுணுக்க அவரே சுரண்டினார். ஒவ்வொரு கோடாகப் போகப் போகப் பலகை எழும்பி, கடைசியில் மட்டத்துக்கு வந்தது. சாயங்காலம் விமானத்தின் மூக்கில் புது நாமம் ஏறியது. அங்கே எவ்வளவு தடியாகப் போட்டாலும் வால் பலகைக்குக் கவலையில்லை.

மறுநாள் சோழவரத்தில், யுத்த காலத்து ஓடுபாதையிலிருந்து என் கணவர் கிளம்பினார். சக்கரம் தரையை விட்டதுமே அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"வாலு ஆடுதாடி?"

"இல்ல அத்தை."

"இப்போ?"

"ஆடல."

அவர் இறங்கி வரும்வரை அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த உயரத்தில் எனக்கு விமானமே ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது.