தாய் வீட்டு வளையல்

என் அம்மா சௌராஷ்டிரா. அப்பா பேரையூர்ப் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பம். என் நாவல்களிலும் கலப்பு மணக் குடும்பங்கள்தான்.

போன மாதம் கே.கே. நகரில் என் வாசகி ஒருத்தியின் வளைகாப்பு. அவளும் வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட சௌராஷ்டிரப் பெண். முதல் வளையலைத் தாய் வீட்டார்தான் போட வேண்டும் என்பதால் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நல்ல நேரம் முடியப் போகுதுத்தா” என்றார் மாமியார் தயக்கத்துடன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஒங்க நாவல்ல கடைசில அம்மா வளையலோட வந்துருவாங்கள்ல? அத நம்பித்தான்க்கா அந்தப் புக்க எங்கம்மாவுக்கு அனுப்பிவச்சேன்.”

முதல் வளையலை நான்தான் போட்டுவிட்டேன்.

என் அம்மாவின் வளைகாப்புக்கும் அவளைப் பெற்றவள் வரவில்லை. கதையிலாவது வரட்டும் என்றுதான் அப்படி எழுதினேன்.