கப்பு வாங்காத கைகள்

குத்துச்சண்டையில் ஓர் அடிகூட வாங்காமல் எல்லா வலியையும் வாங்கிக்கொள்கிற வேலை ஒன்று உண்டு: மேடையின் மூலையில் வாளியும் துண்டுமாக நிற்பது. ஐம்பதுகளில் செங்கல்பட்டில் அந்த வேலையைப் பார்த்தவன் நான். பகலில் ரயில்வே பார்சல் ஆபீஸ், சாயந்திரமானால் வாளி. ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் ஸ்டூலைப் போட்டு, வீரனை உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, துண்டால் விசிறி, "உன்னால முடியும்டா" என்று சொல்லி அனுப்ப வேண்டும். மற்ற மூலைகளில் அது பெரும்பாலும் பொய். என் துரதிர்ஷ்டம், எனக்கு வாய்த்தவர்கள் விஷயத்தில் அது சத்தியம். அவர்களால் நிஜமாகவே முடியும். இருந்தும் நடக்கவில்லை. படிப்பில் புலியான தம்பியையோ, கணீரென்று பாடும் மச்சானையோ பார்த்து 'இவன் எங்கேயோ போயிருக்க வேண்டியவன்' என்று நீங்கள் பெருமூச்சு விட்டதுண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

காற்றோடு சண்டை

கடைத்தெருவில் லுங்கிக் கடை வைத்திருந்தவரின் மகன் சம்சுதீன். ஒல்லியான உடம்பு. மேடையில் ஏறிவிட்டால், இவன் கால் பலகையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். எதிராளியின் குத்து வந்து சேரும்போது சம்சு அங்கே இருக்கமாட்டான். ஓடியிருக்கவும் மாட்டான், அதுதான் அதிசயம். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்திருப்பான், இடுப்பை லேசாகத் திருப்பியிருப்பான், அவ்வளவுதான். ஒருமுறை பட்டாளத்திலிருந்து லீவில் வந்த ஒருவன் இவனை விரட்டி விரட்டிக் குத்தி, கடைசியில் தன் குத்தின் வேகத்திலேயே கயிற்றுக்கு வெளியே போய் முன்வரிசைக்காரர் மடியில் விழுந்தான். கொட்டகையே எழுந்து நின்றது. நானும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.

ஆனால் குத்துச்சண்டை என்றால் குத்தவும் வேண்டுமே! எதிராளியின் முகம் திறந்து கிடக்கும். சம்சு அதை ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். விடாமல் முன்னேறித் தாக்கியவன் என்று அன்றைக்கும் பாயிண்டில் பட்டாளத்தானுக்குத்தான் வெற்றி. எனக்கு அழுகை வராத குறை. "ஒரே ஒரு குத்து விட்டிருந்தா கப்பு உன்னுதுடா! இப்படித் தோத்துட்டு நிக்கிறியே" என்றேன். சம்சு சீப்பை எடுத்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டே சொன்னான்: "அவன் மூஞ்சியப் பாரு, எப்படி மூச்சு வாங்கிகினு கீறான். என் மூஞ்சியயும் பாரு. இதுல தோத்தது யாருன்னு நீயே சொல்லு அண்ணாத்த."

ஏரிக்கரை ஓட்டம்

பலராமன் வேறு ரகம். அவன் குத்துகள் அடைமழை மாதிரி, தொடங்கினால் விடாது. பயிற்சியில் அவன் எதிரே நிற்க செங்கல்பட்டில் ஆள் கிடையாது. ஆனால் போட்டி அன்று, நெல் மண்டியிலிருந்து கொண்டுவந்த தராசில் ஏற்றினால் முள் ஒரு மயிரிழை தாண்டி நிற்கும். உடனே மேல் எடைப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் ஒருவன் மலை மாதிரி காத்திருப்பான். பலராமன் அந்த மலையோடும் கடைசி மணி வரை சரிக்குச் சரி நின்றிருக்கிறான், விழுந்ததில்லை. தன் எடையில் நின்றிருந்தால் அவனை யார் தடுத்திருப்பார்கள்?

எடை குறைக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு தினமும் விடியற்காலையில் கொளவாய் ஏரிக்கரையில் ஓடச் சொன்னேன். தவறாமல் ஓடினான். வேர்வை ஆறாக ஓடியது. எடை மட்டும் இறங்கவில்லை. ஒன்றும் புரியாமல் ஒருநாள் நானே ஏரிக்கரைக்குப் போய், அங்கே இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவிடம் விசாரித்தேன். அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஓடறதுக்கு முன்னாடியும் வரான், ஓடிட்டும் வரான். தங்கமான புள்ள நைனா! இதே மாதிரி இன்னும் ரெண்டு பேர ஓட வுடு, நான் இந்தக் கீத்துக் கொட்டாய இடிச்சிட்டு மாடி வூடு கட்டிடறேன்."

சூசையின் வலது கை

வல்லம் மலைப்பக்கம் கல் குவாரியில் சம்மட்டி அடிப்பவன் சூசை. அவனுடைய வலது கையைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தக் கையில் ஒரே ஒரு குறை. அதன் வேகத்தை அதன் எலும்பே தாங்காது. அரையிறுதிப் போட்டியில், மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து வந்த ஒருவனோடு மோதினான். முதல் ரவுண்டிலேயே வலது கை இறங்கியது. எதிராளியின் மூக்கு உடைந்த சத்தம் என் மூலை வரைக்கும் கேட்டது. மணி அடித்து, ஸ்டூலில் வந்து உட்கார்ந்த சூசையின் கையைப் பிடித்தபோதுதான் உடைந்தது மூக்கு மட்டுமல்ல என்று தெரிந்தது. கிளவுசுக்குள் கை வீங்கி இறுகிப்போயிருந்தது. "கழட்டாத அண்ணாத்த. கழட்டனா மறுபடி மாட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. இடது கையால் மட்டும் சண்டை போட்டான். உடைந்த வலது கையை, இதோ வருகிறது என்பதுபோலத் தோளுக்குப் பக்கத்தில் ஓங்கியபடியே வைத்திருந்தான். வலியில் பல்லைக் கடித்திருந்தானே தவிர முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூக்குடைந்தவன் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே பின்வாங்கினான். சூசை ஜெயித்தான். இறுதிப் போட்டிக்கு அவன் கை மாவுக்கட்டில் இருந்தது.

கட்டைப் பிரித்த பிறகு, மெட்ராஸில் பெரிய பயிற்சியாளர் ஒருவர் சூசையைக் கூப்பிடுகிறார் என்று சொல்ல ஓடினேன். குவாரியில் அவன் மனைவி மேரி உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் கையால். பக்கத்தில் சூசை, பிடித்துப் பழகுவதற்காகச் சின்னச் சுத்தியல் ஒன்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டும் அவன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. மேரிதான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "அந்த ஆளு மூக்கு நல்லாயிடுச்சா அண்ணே? பாவம், விசாரிச்சேன்னு சொல்லுங்க. இந்தக் கை இனிமே மலையத் தவுர யாரையும் குத்தாது."

கயிறு அறுந்த மாதிரி

ஏழுமலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரன். கரைவலை இழுத்து உரமேறிய உடம்பு, இடது கைப் பழக்கம். அந்த இடது கை ஒரு சாணுக்கு மேல் போகாது, சத்தமும் வராது. எதிரே நின்றவன் மட்டும் உட்கார்ந்துவிடுவான். அவனோடு மோதி முதல் ரவுண்டைத் தாண்டியவன் எவனும் இல்லை. கூடுவாஞ்சேரி ஜட்கா வண்டிக்காரன் கோவிந்தன், துணிச்சலான ஆள், அவனும் அப்படித்தான் விழுந்தான். ஆனால் கோவிந்தன் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மறுநாள் மத்தியானம்தான் அவனுக்கு நினைவு வந்தது. கண் திறந்ததும் காப்பி கேட்டான். அதுவரை ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த ஏழுமலை, உள்ளே போய்க் கோவிந்தனின் காலைத் தொட்டுவிட்டு, நேரே போய் பஸ் ஏறிவிட்டான்.

சில வாரம் கழித்து அவனைத் தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்று பேச முடியாது, நானும் கயிற்றைப் பிடித்தேன். பார்சல் ஆபீஸ் கை, நிமிஷத்தில் தோலுரிந்தது. ஏன் வருவதில்லை என்று கேட்டேன். ஏழுமலை கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "இப்படி இழுத்துகினு இருக்கசொல்ல திடீர்னு கயிறு அறுந்தா கை லேசாயிடும் பாரு, வலையே போச்சின்னு ஆயிடும். அவன் வுழுந்தப்ப என் கை அப்படி லேசாச்சி அண்ணாத்த."

பாதியில் நின்ற குத்து

ஏழுமலையைத் திரும்ப அழைத்து வந்தவன் நானல்ல, கோவிந்தனே. உடம்பு தேறியதும் நேரே குப்பத்துக்குப் போய், "என்னை அடிச்சிட்டு நீ வூட்ல குந்திகினா என் மானம் இன்னாவுறது? ஜெயிச்சிக் காட்டு. சாம்பியன்கிட்ட அடி வாங்குனேன்னாவது நான் சொல்லிக்குவேன்" என்று கையோடு இழுத்து வந்தான்.

மெட்ராஸில் போட்டி. ஜெயிப்பவன் பம்பாயில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். எதிரே, பல தடவை கப்பு வாங்கிய மெட்ராஸ் ஆள். ஏழுமலை வலது கையாலேயே அவனைச் சமாளித்தான். கடைசி ரவுண்டில் அந்த ஆள் களைத்துப்போய்க் கைகளைத் தொங்கவிட்டான். தாடை திறந்து கிடந்தது. ஏழுமலையின் இடது கை புறப்பட்டது. கோவிந்தன் என் தோளை இறுகப் பிடித்தான். தாடைக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தக் கை நின்றது. அவ்வளவு வேகத்தில் வந்த கையை அப்படி நிறுத்த எத்தனை பலம் வேண்டும்! ஏழுமலை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எதிராளி சுதாரித்துக்கொண்டு அடித்தான், பாயிண்டில் ஜெயித்தான்.

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன், வீரனின் முகத்தை அல்ல, என் முகத்தை. யாரோ வரும் சத்தம் கேட்டு எடுத்தால், கப்போடு அந்த மெட்ராஸ்காரனே எங்கள் மூலையில் நின்றிருந்தான். ஏழுமலையின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இந்தக் கப்பை வூட்டுக்கு எட்த்துகினு போறேன் தம்பி. ஆனா உன்னை ஜெயிச்சேன்னு என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லமாட்டேன்."

பம்பாய் போனவர்கள் யார் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் எனக்கு ஞாபகம் வருவதில்லை. போகாதவர்களைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும், கேட்டவர் தம் கடைசி பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.