போகுமீல் போட்ட வடிகட்டி

எங்கள் காளான் பொறுக்குகிறவர்களின் இணையக் குழுவில் போகுமீலிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. படம் கிடம் எதுவுமில்லாமல் வெறும் எழுத்து மடல்கள் மட்டும் போகிற குழு அது. ஐஎஸ்ஓ என்ற பழைய எழுத்துக் குறியீட்டில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. வேறு குறியீட்டில் எழுதினால் பாதி போலிஷ் எழுத்துகள் கேள்விக்குறியாக வந்து நிற்கும். நான் முதன்முதலாக எழுதியபோது, "முதல்ல செட்டிங்கைச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் காளானைப் பத்திப் பேசலாம்" என்று பதில் போட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மனைவி இறந்தபின் போலந்தின் ராதோம் நகரில் தனியாக இருந்த அந்த ரயில்வே ஓய்வூதியருக்கு எங்களை விட்டால் வேறு நாதி இல்லை. குழுவில் இருந்த லுத்மிலா என்ற ஆசிரியையைத் திட்டும்போது மட்டும் கொஞ்சம் கனிந்திருப்பார்.

பிறகு யூனிகோட் வந்தது. ஒவ்வொருவராக மாறினோம். போகுமீல் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ஒருநாள், "யாராவது இருக்கீங்களா?" என்று எழுதினார். பதினான்கு பேர் பதில் சொன்னோம். அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே அலட்சியம். கிழவனுக்குத் திமிர் என்று முடிவுகட்டினோம்.

மூன்று வருடம் கழித்து வேலையாக ராதோம் போனவன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று அவர் வீட்டு மணியை அடித்தேன். பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எங்கய்யா போயிட்டீங்க? ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கணினியில் உட்கார்ந்து பார்த்தேன். ஐஎஸ்ஓவில் வராத மடலையெல்லாம் கண்ணில் காட்டாமல் எறிய, எப்போதோ ஒரு கோபத்தில் வடிகட்டி போட்டிருந்தார். போட்டதே அவருக்கு நினைவில்லை. அதை எடுத்துவிட்டேன். மடல்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. லுத்மிலாவுடையது மட்டும் நாற்பது. அவற்றில் கடைசியாக வந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"கோபம்னா திட்டியாவது எழுதுங்க. இதுக்கும் பதில் இல்லைன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

தேதியைப் பார்த்தார். இரண்டு வருடம் ஆகியிருந்தது. குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றினேன். "லுத்மிலா, இருக்கேன்" என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினார்.

"பார்த்ததும் எழுதிருவா, இல்ல?" என்று கேட்டார்.

குழு காலியாகி ஒரு வருடம் ஆகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும்தான் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.