என் பி.எச். மீட்டர் பட்ட பாடு

கலர் மீன் கடைக்காரனை மீன் உயிரோடு இருக்கும்வரை யாரும் நினைப்பதில்லை. செத்தால்தான் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு தேடி வருவார்கள். "சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டாய்" என்ற பழி தாங்காமல்தான், தொண்ணூறுகளில் கோவையில் கடை வைத்திருந்தபோது, ஒரு பி.எச். மீட்டர் வாங்கினேன். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று தெரியும்.

மீனுக்குக் காய்ச்சல்

மீட்டர் பேனா போல இருக்கும். தொப்பியைக் கழற்றினால் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். அதைத் தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். ஏழு என்றால் நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். உங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தால் இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று போர்டும் மாட்டினேன். முதலில் வந்த ஆசிரியர் ஒருவருக்கு இதையெல்லாம் தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் கேட்டார்: "அதெல்லாஞ் செரிங்க, இப்ப மீனுக்குக் காச்சல் எவ்வளவு இருக்குதுங்க?"

சொம்பு

அடுத்தவர் ஒரு சொம்பில் கொண்டுவந்த தண்ணீர் ஒரேயடியாகப் புளிப்பு காட்டியது. இந்தத் தண்ணீரில் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை. சொம்பை மூக்கருகே கொண்டுபோனேன், குப்பென்று மோர் வாடை. என்ன இது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மோர் ஊத்துன சொம்புன்னா மோர் வாசம் அடிக்காம பன்னீர் வாசமாங்க அடிக்கும்?"

ஆயுத பூஜை

அந்தக் கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது. அதற்கென்று உள்ள கரைசலைத் தொப்பிக்குள் விட்டு மூடி வைக்க வேண்டும். துணியால் தேய்க்கக் கூடாது. அடிக்கடி, எந்த எண் காட்ட வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒரு பொடியைக் கலக்கிய தண்ணீரில் முக்கி, எண் சரியாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடையில் எனக்குத் துணையாக இருந்த என் மனைவியின் தம்பி மருதாசலத்திடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையைத் திறந்தால், தராசுக்கும் காற்று மோட்டாருக்கும் நடுவே என் மீட்டர் தொப்பியில்லாமல் படுத்திருக்கிறது. குமிழைத் திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தான். கழுவி, கரைசலில் ஊற வைத்து, எண் ஒரு நிலைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவனோ நிதானமாகச் சொன்னான்: "எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இதுக்கு மட்டும் வெக்காம உட்டா, அது நம்மளப் பத்தி என்னங்க மச்சான் நெனைக்கும்?"

பீளமேட்டு அம்மா

பீளமேட்டில் இருந்து ஒரு அம்மா டிஸ்கஸ் மீன் ஜோடி வாங்கிப் போனார். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். பேச்சு திரும்பியிருந்தும் அவர் யாரோடும் பேசுவதில்லை, கட்டிலுக்கு எதிரே இருக்கும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்றார்.

மீன் செத்தது. வேறு ஜோடி கொடுத்தேன், அதுவும் செத்தது. ஒவ்வொரு முறையும் அவர் கழுவித் துடைத்த தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவருவார். மீட்டர் ஏழில் நிற்கும். டிஸ்கஸுக்கு அதைவிட நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. அப்படியானால் குற்றம் மீனிலா, சந்தனம் பூசிய மீட்டரிலா? பொடியைக் கலக்கி மறுபடி மறுபடி சோதித்தேன். மீட்டரில் ஒரு குறையும் இல்லை. இதற்குள், என்னிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்த அவருடைய சொந்தக்காரர்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர் சண்டை போட்டிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவரோ செத்த மீனை என் முன்னால் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்களக் குத்தஞ் சொல்லுலீங்க. மீன் செத்தா அவரு செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கறாருங்க, அதான் சங்கடமா இருக்குது."

நல்ல தண்ணி

மீட்டரை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். தொட்டியில் முக்கியதும் எண் ஒன்பதை நெருங்கியது, டிஸ்கஸ் தாங்காத காரம். கொல்லைப் பக்கம் போர்வெல் குழாயில் இருந்து ஒரு ஹோஸ் நேராகத் தொட்டிக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் குடிப்பதற்கு வரும் சிறுவாணித் தண்ணீர்தான் நல்ல தண்ணி. போர்த் தண்ணீர் உப்புத் தண்ணி, துணி துவைக்க, பாத்திரம் கழுவ. தொட்டியிலும் அந்த உப்புத் தண்ணி. "அப்படியென்றால் கடைக்கு இத்தனை நாள் எதைக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது. மீன் சாகிறது, கடை பெயர் கெடுகிறது, ஒரு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கோ என் கேள்விதான் விநோதமாகப் பட்டது. "ஏனுங்க, ஒருத்தரு கடைக்குக் கொண்டுட்டுப் போறதுக்கு உப்புத் தண்ணியவாங்க மோந்துட்டுப் போவாங்க?"

மோலி

நல்ல தண்ணி மனிதர்களுக்கே போதவில்லை, மீனுக்கு எங்கே ஊற்றுவது? அதனால் உப்புத் தண்ணீரில் நன்றாக வாழும் கருப்பு மோலி மீன்களை நானே கொண்டுபோய் விட்டேன். சில வாரம் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். கணவர் காலையில் அவரைக் கூப்பிட்டு, "கருப்பி குட்டி போட்டிருக்குது, வந்து பாரு" என்றாராம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். அந்த ஈரத்தோடு, மீன் செத்ததற்குத் தண்ணீர்தான் காரணம் என்று சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னேன். "நீங்க சொல்லோணுங்களா? சீக்கு மீன எடுத்துப்போட்டு நல்ல மீனா மாத்திக் குடுத்த புண்ணியவானுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க."

மீன் கடை வைக்க நினைப்பவர்களே, மீட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தொட்டியில் முக்குங்கள், மரியாதை தெரிந்தவர்கள் கொண்டுவரும் தண்ணீரை மட்டும் நம்பிவிடாதீர்கள்.